கோடரி தந்த பாடம்

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருச்சமூகத்துக்கு ஒருமுறை அன்ஸாரித் தோழர் ஒருவர் உதவி நாடி வந்தார். அவருடைய இல்லத்தில் இருந்தவை ஒரு முரட்டுத் துணியும் நீர் அருந்தும் பாத்திரம் ஒன்றுமே. அவ்விரண்டையும் கொண்டுவரச் செய்து, தோழர்களிடையே ஏலம் விட்டு, கிடைத்த இரண்டு திர்ஹங்களை அவரிடமே கொடுத்தார்கள் பெருமானார். ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவு, மற்றொன்றுக்குக் கோடரி. அந்தக் கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பு பூட்டி, விறகு வெட்டி விற்று வருமாறும், 15 நாட்கள் தம் கண்ணில் படலாகாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் மீண்டும் வந்தபோது 10 திர்ஹங்கள் ஈட்டியிருந்தார். ஹதீஸ் நூல்களில் இடம்பெற்றுள்ள இச்செய்தியை நம்மில் அறியாதார் குறைவு.

கேட்டு வந்தவருக்கு இரண்டு காசைக் கொடுத்து அனுப்புவது எளிது. ஆனால், அவருக்குக் கருவி தரப்பட்டது. கருவியைப் பயன்படுத்தும் வழி காட்டப்பட்டது. உழைத்துப் பார்க்கக் கால அவகாசமும் தரப்பட்டது. போதையின் பிடியிலிருந்து மீண்டு வருவோரைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இந்தக் கோடரியே என் நினைவுக்கு வருகிறது.

மது ஹராம் என்பதை மழலைப் பருவத்திலிருந்தே கேட்டு வளரும் நம் சமுதாயத்திலும் அதற்கு இரையான குடும்பங்கள் இல்லாமல் இல்லை. நாம் வெட்கத்தால் மூடி மறைக்கிறோம், அவ்வளவே. சிகிச்சை இல்லத்தில் சில வாரங்கள் தங்கி, உடல் தேறி, தௌபாச் செய்து ஒருவன் வீடு திரும்புகிறான். பெரியவர்கள் கண்ணீர் மல்க துஆச் செய்கிறார்கள். மறுநாள் காலை அவன் எங்கே செல்வது? என்ன செய்வது? இதற்கு வீட்டில் யாரிடமும் விடை இல்லை. கையில் தொழில் இல்லாதவனுக்குப் பகற்பொழுது மிக நீண்டது. அந்த நீண்ட பொழுதில்தான் பழைய நண்பன் தேடி வருகிறான்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் உள்ள ‘டெலன்சி ஸ்ட்ரீட்’ என்னும் இல்லம் இக்கேள்விக்கு விடை கண்ட இடங்களுள் ஒன்று. போதையிலிருந்து தாமே மீண்டவரான ஜான் மாஹர் என்பவர் 1971ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினார். குற்றவியலும் உளவியலும் கற்ற மிமி சில்பர்ட் அம்மையார் அவருடன் இணைந்து, பின்னர் பல பத்தாண்டுகள் அதனை வழிநடத்தினார். போதைக்கு அடிமையானோர், சிறை மீண்டோர், வீடற்றோர் ஆகியோரே அங்கு வாசிகள். குறைந்தது இரண்டு ஆண்டுகள் தங்கியாக வேண்டும். கட்டணம் கிடையாது. போதைப் பொருளைத் தொடலாகாது, கை ஓங்கலாகாது, மிரட்டலும் ஆகாது என்பன அங்குள்ள கண்டிப்பான விதிகள். உணவகம், வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிக் கொடுத்தல் போன்ற தொழில்களைத் தாங்களே நடத்தி இல்லத்தின் செலவுக்கு ஈட்டினார்கள். எம்பார்கடேரோ என்னும் கடலோரச் சாலையில் உள்ள அவர்களுடைய பெரிய கட்டடத்தையும் பெரும்பாலும் அவர்களே தம் கைகளால் எழுப்பினார்கள்.

அங்கிருந்து விடைபெறுமுன் ஒருவர் பள்ளி இறுதி நிலைக்கு இணையான கல்வியையும் மூன்று தொழில்களையும் கற்றிருக்க வேண்டும். உடலுழைப்பு ஒன்று, மக்களோடு பழகும் விற்பனை போன்ற பணி ஒன்று, அலுவலகமும் கணினியும் சார்ந்த பணி ஒன்று. கற்றவர் கல்லாதவருக்குக் கற்பிப்பதே அங்குள்ள முறை. நேற்று வந்தவருக்கு அதற்கு முன்தினம் வந்தவர் ஆசான். பத்ருப் போரில் சிறைப்பட்டு, மீட்புத் தொகை செலுத்த இயலாதிருந்தவர்களுள் எழுத்தறிந்தோர், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற்றனர் என்ற வரலாற்றை அறிந்த நமக்கு இந்த முறை புதிதன்று. கற்பிப்பவனும் அதனால் விடுதலை அடைகிறான்.

கணினி எதற்கு என்று சிலர் கேட்கலாம். இன்று கிடங்கில் சரக்கு அடுக்கும் வேலைக்கும் சமையற்கூட வேலைக்கும்கூட அந்நாட்டில் விண்ணப்பம் கணினி வழியே செல்கிறது. பத்தாண்டு சிறையிலிருந்து வெளிவந்தவனுக்கு அது தட்டத் தெரியாத கதவு. கதவைத் தட்டத் தெரியாதவன் திறக்கவில்லை என்று யாரை நோவது?

இத்தகைய இல்லங்களில் வயது வந்தோருக்குக் கணினி கற்பிப்பவர் முதலில் எதிர்கொள்வது அறியாமையை அன்று, அச்சத்தையும் நாணத்தையுமே. எதையாவது அழுத்தினால் பொறி கெட்டுவிடுமோ என்ற அச்சம். தன் பேரப்பிள்ளை அறிந்ததைத் தான் அறியவில்லையே என்ற நாணம். மேலும், நெடுங்காலம் குடித்தவர் குடியை நிறுத்திய முதல் வாரங்களில் கவனமும் நினைவாற்றலும் தளர்ந்தே இருக்கும். மாதங்கள் செல்லச் செல்லத்தான் அவை தேறும். ஆகவே பாடம் சிறிதாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்று. அதையே மறுநாளும் ஒருமுறை. முதலில் தன் பெயரைத் தட்டச்சு செய்தல். பிறகு அதனைச் சேமித்து வைத்து, மறுநாள் திறந்து காணுதல். பிறகு பிரிந்திருக்கும் மகளுக்கு ஒரு கடிதம். அதன் பின்னரே மின்னஞ்சலும் வேலைக்கான விண்ணப்பமும்.

எழுத்தொன்று பிழையானால் ஒரு விசையை அழுத்தி அழித்துவிடலாம். ‘எல்லாவற்றையும் கெடுத்தவன் நீ’ என்ற சொல்லையே ஆண்டுக்கணக்கில் கேட்டு வந்தவனுக்கு, பிழை திருத்தக்கூடியது என்பதைக் கண்ணால் காண்பதே பெரும் ஆறுதல். தௌபாவின் வாயிலை இறைவன் திறந்து வைத்திருக்கிறான் என்று நாம் வாயால் சொல்வதை, அவன் அங்கே விரலால் உணர்கிறான்.

ஆயினும் ஓர் எச்சரிக்கையும் தேவை. அதே கணினி சூதாட்டத்துக்கும் பழைய கூட்டாளிகளுக்கும் வழி திறக்கும். ஆகவே தொடக்கத்தில் அருகில் ஒருவர் அமர்ந்திருப்பது நலம். கணினி மட்டுமே ஒருவனைக் குணப்படுத்திவிடும் என்று எண்ணுவதும் தவறு. மருத்துவமும் ஆலோசனையும் நல்லோர் தோழமையும் இறையச்சமும் தம்தம் இடத்தில் இருந்தே தீர வேண்டும். தொழில் அவற்றுக்கு மாற்று அன்று. அவை நிலைப்பதற்குரிய தரை.

ஆலிம்களாகிய நாங்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குடியின் தீமையை மிம்பரில் எடுத்துரைத்த அளவுக்கு, குடியை விட்டவனுக்கு அடுத்த வழி என்ன என்பதை நாங்கள் எடுத்துரைக்கவில்லை. பிள்ளைகளுக்கென்று வாங்கிய கணினிகள் பகல் முழுவதும் உறையிட்டுக் கிடக்கும் இடங்கள் நம் மஹல்லாக்களில் உண்டு. அவற்றின் முன் இத்தகைய ஒருவரை அமர்த்திக் கற்பிக்க, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரோ கல்லூரி மாணவர் ஒருவரோ முன்வரலாகாதா? கற்றபின் கடையின் கணக்கையோ சரக்குப் பதிவையோ நம்பி ஒப்படைக்க வணிகப் பெருமக்களுள் ஒருவரேனும் துணியலாகாதா? வீட்டாரும் அவனைப் பார்த்து, ‘இன்று குடித்தாயா?’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘இன்று என்ன கற்றாய்?’ என்று கேட்கலாகாதா?

கோடரி இருக்கிறது. வெட்டக் காடும் இருக்கிறது. காம்பு பூட்டிக் கொடுக்கும் கரங்களாக நம் கரங்களை வல்ல ரஹ்மான் ஆக்கியருள்வானாக! ஆமீன்.