பாலும் முட்டையும் சேராத கோக்கோ பிஸ்கோத்து

பிஸ்கோத்து என்றவுடன் வெண்ணெய், பால், முட்டை ஆகிய மூன்றும் அதற்கு இன்றியமையாதவை என்று பலரும் எண்ணுவது இயல்பு. ஆனால் இரசாயன நோக்கில் ஆராயுமிடத்து, பிஸ்கோத்து என்பது மாவு, கொழுப்பு, சர்க்கரை என்னும் மூன்று பொருள்களின் சேர்க்கையே ஆகும். கொழுப்பு பசுவினிடமிருந்து கிடைத்ததா, தென்னையிலிருந்து கிடைத்ததா என்பது பிஸ்கோத்தின் அமைப்பைச் சிறிதளவே மாற்றும். அந்த மாற்றம் எத்தகையது என்பதை அறிந்துகொண்டால், விலங்குப் பொருள் எதுவும் கலவாத கோக்கோ பிஸ்கோத்தை எவரும் தம் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

இது வெறும் சுவை பற்றிய விஷயம் அன்று. பால் ஒவ்வாமை உடைய குழந்தைகளுக்குப் பாலின் புரதம் மிகச் சிறிய அளவில் உட்சென்றாலும் உடலில் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் போன்றவை தோன்றக்கூடும். இது, பாற்சர்க்கரை செரியாமையினின்றும் வேறானது. பாற்சர்க்கரை செரியாதவர் சிறிதளவு பாலைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்வர். ஒவ்வாமை உடையவருக்கோ ஒரு துளியும் ஆபத்தாகலாம். அத்தகைய குழந்தை உள்ள வீட்டில், உட்பொருள் ஒவ்வொன்றும் இன்னதெனத் தெரிந்து செய்யப்படும் பண்டத்திற்குத் தனி மதிப்பு உண்டு. கொள்கை காரணமாகத் தாவர உணவை மட்டுமே உட்கொள்வோருக்கும் இது பயன்படும்.

உள்ளூர்ப் பொருள்கள்

திருவனந்தபுரத்தில் கோட்டைப் பகுதிக்கு அருகே, வராகப் பெருமாள் கோயிலையும் அதன் பெரிய திருக்குளத்தையும் ஒட்டி அமைந்தது ஸ்ரீவராகம். இங்குள்ள சமையலறைகளில் தேங்காயெண்ணெயும் தேங்காய்ப்பாலும் நாள்தோறும் புழங்குபவை. ஏனைய பொருள்களை அருகிலுள்ள சாலைக் கடைத்தெருவில் பெறலாம். கோக்கோவும் இப்பிரதேசத்திற்குப் புதியதன்று. 1798ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் கோக்கோச் செடிகளை நட்டனர். எனினும் வணிகப் பயிராக அது வேரூன்றியது 1960களிலேதான். 1965இல் காட்பரி நிறுவனம் வயநாட்டில் சுண்டேல் என்னுமிடத்தில் மாதிரித் தோட்டம் அமைத்தது. பின்னர்த் தென்னை, பாக்குத் தோப்புகளில் ஊடுபயிராகக் கோக்கோ பரவிற்று. 1973இல் மங்களூரில் தொடங்கப்பட்ட காம்கோ என்னும் கூட்டுறவு நிறுவனம் 1986இல் புத்தூரில் சாக்கலேட் தொழிற்சாலை ஒன்றை நிறுவியது. இன்று கேரளத்தில் இடுக்கி மாவட்டம் கோக்கோ விளைச்சலுக்குப் பெயர் பெற்றது.

வெளிநாட்டுப் பண்டம் ஒன்றை உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டு செய்து முடிப்பதும் கேரளத்துக்குப் பழகிய செயலே. 1883இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்பவர், மர்டாக் பிரௌன் என்னும் ஆங்கிலேயத் தோட்ட முதலாளி கொண்டுவந்து காட்டிய கேக்கின் மாதிரியைப் பின்பற்றி, வாழைப்பழமும் முந்திரிப்பழ மதுவும் சேர்த்துக் கேக் தயாரித்ததாகக் கூறப்படுகிறது.

கோக்கோத் தூளின் இயல்பு

கோக்கோக் காயிலிருந்து எடுத்த விதைகளை அவற்றைச் சூழ்ந்துள்ள சதையுடன் குவித்து ஐந்தாறு நாட்கள் புளிக்க வைப்பர். அப்பொழுது குவியலின் உஷ்ணம் 45 முதல் 50 டிகிரி சென்டிகிரேடு வரை உயரும். சாக்கலேட்டின் மணத்திற்கு வேண்டிய மூலப்பொருள்கள் இக்காலத்தில்தான் விதையினுள் உருவாகின்றன. பின்னர் உலர்த்தி வறுக்கும்பொழுது அம்மணம் முழுமை பெறுகிறது. வறுத்த பருப்பை அரைத்து, அழுத்திக் கொழுப்பில் பெரும்பகுதியைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கே பொடிக்கப்பட்டுக் கோக்கோத் தூளாகிறது. 1828இல் நெதர்லாந்தில் வான் ஹௌட்டன் குடும்பத்தார் இம்முறைக்கு உரிமை பெற்றனர். இங்ஙனம் பிரிக்கப்படும் கொழுப்புக்குக் 'கோக்கோ வெண்ணெய்' என்று பெயர். பெயரில் வெண்ணெய் இருப்பினும் அது முற்றிலும் தாவரக் கொழுப்பே ஆகும்.

கடைகளில் இருவகைத் தூள்கள் கிடைக்கின்றன. இயற்கைத் தூள் சற்று அமிலத்தன்மை உடையது, நிறம் வெளிறியிருக்கும். காரம் சேர்த்துப் பக்குவப்படுத்திய தூள் கருமையாகவும் கசப்புக் குறைந்தும் இருக்கும். ஆனால் அதில் அமிலம் இராது. இவ்வேறுபாடு பிஸ்கோத்துக்கு மிகவும் முக்கியமானது. சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், அமிலத்துடன் சேரும்பொழுது தன்னிடமுள்ள கரியமில வாயு முழுவதையும் வெளிவிடும். ஒரு கிராம் சோடாவிலிருந்து ஏறக்குறைய 290 கன சென்டிமீட்டர் வாயு கிடைக்கும். அமிலம் இல்லையாயின், உஷ்ணத்தினால் மட்டும் சிதைந்து அதில் பாதியளவே தரும்; எஞ்சுவது சலவைச் சோடாவாகும். அதுவே சவர்க்காரம் போன்ற விரும்பத்தகாத சுவைக்குக் காரணம். ஆகையால் சோடா சேர்ப்பதாயின் இயற்கைத் தூளையே வாங்குதல் வேண்டும். காரத் தூள் மட்டுமே கிடைத்தால், அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்துக் குறையை ஈடு செய்யலாம்.

வெண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய்

வெண்ணெயில் நூற்றுக்கு 80 பங்கு கொழுப்பும் சுமார் 16 பங்கு நீரும் உண்டு. தேங்காயெண்ணெயோ முழுதும் கொழுப்பு. எனவே 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் தேங்காயெண்ணெயும் மூன்று தேக்கரண்டி நீர்மமும் ஈடாகும். நீருக்குப் பதிலாகக் கெட்டித் தேங்காய்ப்பால் சேர்த்தால் சுவை மிகும்.

இங்கே சீதோஷ்ணம் குறுக்கிடுகிறது. தேங்காயெண்ணெய் 24 டிகிரி அளவில் உறைந்து உருகும் இயல்புடையது. திருவனந்தபுரத்தில் பகல் உஷ்ணம் ஆண்டில் பெரும்பகுதி 30 டிகிரியைத் தாண்டுவதால், அங்கே அது பெரும்பாலும் நீர்மமாகவே இருக்கும். நீர்ம எண்ணெயில் பிசைந்த மாவு, சூடு பட்டவுடன் தட்டில் பரவி மெல்லிய அடைபோல் ஆகிவிடும். குளிர் நாடுகளுக்கென எழுதப்பட்ட குறிப்புகளை அப்படியே பின்பற்றுவோருக்கு ஏமாற்றம் நேர்வது இதனாலேயே. எண்ணெயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, உறைந்த நெய்யின் பதம் வந்தபின் எடுத்துச் சர்க்கரையுடன் குழைத்தல் நலம். பிசைந்த மாவையும் அரைமணி நேரம் அவ்வாறே குளிர வைத்தல் வேண்டும்.

முட்டை ஏன் தேவைப்படுவதில்லை

கேக்கில் முட்டையின் புரதம் சூட்டினால் உறைந்து, காற்றறைகளைத் தாங்கும் சுவராக அமைகிறது. பிஸ்கோத்தில் நீர் மிகக் குறைவு, காற்றறைகளும் சிறியவை. சூட்டில் உருகிய சர்க்கரை, ஆறும்பொழுது கண்ணாடிபோல் இறுகி மாவுத் துகள்களைப் பிணைக்கிறது. இதுவே பிஸ்கோத்தின் மொறுமொறுப்புக்கு அடிப்படை. எனவே, அடுப்பில் சுடப்படும் இனிப்புப் பண்டங்களுள் முட்டையை எளிதில் நீக்கக்கூடியது பிஸ்கோத்தே எனலாம். நடுவில் சற்று மென்மை வேண்டுவோர், பொடித்த ஆளி விதை ஒரு மேசைக்கரண்டியை மூன்று மேசைக்கரண்டி நீரில் ஊறவைத்து, அதில் தோன்றும் கொழகொழப்பைத் தேங்காய்ப்பாலுக்குப் பதிலாகச் சேர்க்கலாம்.

செய்முறை

சுமார் 20 பிஸ்கோத்துகளுக்கு வேண்டிய பொருள்கள் பின்வருமாறு: மைதா மாவு 150 கிராம், இயற்கைக் கோக்கோத் தூள் 30 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், தேங்காயெண்ணெய் 80 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 40 மில்லி லிட்டர், சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு இரண்டு சிட்டிகை. ஏலப்பொடியோ சுக்குப்பொடியோ விருப்பம்போல் சேர்க்கலாம்.

முதலில் மாவு, கோக்கோத் தூள், சோடா, உப்பு ஆகியவற்றை ஒன்றாகக் கலந்து இருமுறை சலிக்க வேண்டும். சோடா ஓரிடத்தில் கட்டியாக நின்றுவிட்டால் அவ்விடம் கசக்கும். உறைந்த எண்ணெயையும் சர்க்கரையையும் நிறம் வெளுக்கும் வரை குழைத்து, தேங்காய்ப்பாலைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்க வேண்டும். பின்னர் மாவைச் சேர்த்து, ஒன்று திரளும் அளவுக்கு மட்டும் பிசைதல் வேண்டும். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் நெடுநேரம் பிசைந்தால் கோதுமையின் புரதம் இழையோடி, பிஸ்கோத்து கடினமாகிவிடும். குளிர வைத்த மாவை எலுமிச்சங்காயினும் சற்றுச் சிறிய உருண்டைகளாக்கி, உள்ளங்கையால் தட்டி, இடைவெளி விட்டுத் தட்டில் அடுக்க வேண்டும்.

ஓவன் உள்ளவர்கள் முன்னரே 170 டிகிரிக்குச் சூடேற்றி, 12 முதல் 14 நிமிஷங்கள் சுட்டால் போதும். ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான பாத்திரத்தில் இரண்டு விரற்கடை உயரத்திற்கு உப்பையோ சுத்தமான மணலையோ பரப்பி, அதன்மேல் ஒரு முக்காலியை வைத்து மூடி, பத்து நிமிஷம் நடுத்தரத் தீயில் காயவிட வேண்டும். பிறகு தட்டை உள்ளே வைத்து மூடி, 15 முதல் 20 நிமிஷங்கள் சுடலாம். பிரஷர் குக்கரை இதற்குப் பயன்படுத்தாதிருப்பதே நலம். நீரின்றிச் சூடேறினால் அதன் ரப்பர் வளையமும் பாதுகாப்பு வால்வும் பழுதடையும். பின்னர் அதே குக்கரில் நீராவியைக் கொண்டு சமைப்பது அபாயமாகும்.

சாதாரண பிஸ்கோத்தைப் போலன்றி, இது வெந்ததா என்பதை நிறத்தைக் கொண்டு அறிய இயலாது, மாவே கருமையானது. ஓரம் இறுகி, நடுப்பகுதி தொட்டால் சிறிது அமுங்கும் நிலையில் வெளியே எடுத்துவிட வேண்டும். அது வேகவில்லை என்றெண்ணி மீண்டும் சுடுவது தவறு. சர்க்கரை ஆறி இறுகுவதற்குப் பத்து நிமிஷங்கள் ஆகும்.

சுடாத மாவைக் குழந்தைகள் சுவைத்துப் பார்க்க விடலாகாது. முட்டை சேராவிடினும், பச்சை மாவில் நோய்க் கிருமிகள் இருக்கக்கூடும்.

பாதுகாத்தல்

கடலுக்கு அண்மையிலுள்ள ஊர்களில் காற்றின் ஈரம் மிகுதி. சர்க்கரை அவ்வீரத்தை ஈர்க்குமாதலால், திறந்து வைத்த பிஸ்கோத்து ஒரே நாளில் நமர்த்துவிடும். முற்றிலும் ஆறிய பின்னர், காற்றுப் புகாத டின்னில் இட்டு மூட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே நீர் கோக்கும். ஈரத்தினால் மற்றொரு கேடும் உண்டு. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ பாதியளவு லாரிக் அமிலம் பிணைந்துள்ளது. ஈரமும் சில நொதிகளும் சேர்ந்து இவ்வமிலத்தை விடுவிக்கும்பொழுது, பண்டத்தில் சவர்க்காரச் சுவை தோன்றும். எனவே காறாத புதிய எண்ணெயையே உபயோகித்து, ஒரு வாரத்திற்குள் பிஸ்கோத்துகளை உண்டுவிடுவது நன்று.

முத்திரையைக் கவனித்தல்

உணவுப் பொட்டலங்களின் மீதுள்ள பச்சைப் புள்ளி சைவ உணவைக் குறிக்கும். பாலும் பாற்பொருள்களும் சைவத்துள் அடங்குமாதலால், பச்சைப் புள்ளியை மட்டும் நம்பிப் பொருள் வாங்குதல் ஒவ்வாமை உள்ளவருக்குத் தகாது. முழுத் தாவர உணவுகளுக்கென 2022ஆம் ஆண்டின் விதிகளின்படி தனி முத்திரை ஏற்பட்டுள்ளது. அந்த முத்திரையும்கூட, பால் புழங்கும் ஆலையில் அப்பொருள் தயாரிக்கப்படவில்லை என்பதற்கு உறுதியாகாது. கருஞ்சாக்கலேட்டு வகைகள் சிலவற்றில் பாற்கொழுப்புச் சேர்வதுண்டு. கோக்கோத் தூளை வாங்கும்பொழுதும், சர்க்கரையும் பாற்பொடியும் முன்னரே கலந்த பானத் தூளை வாங்கிவிடாதவாறு உட்பொருள் பட்டியலைப் படித்துப் பார்த்தல் வேண்டும். பால் சேர்ந்திருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருப்பின், ஒவ்வாமை உடைய குழந்தைக்கு அதனைத் தவிர்க்க வேண்டும். வெண்ணெய் புழங்கிய தட்டையும் கரண்டியையும் நன்கு கழுவாமல் பயன்படுத்தலாகாது.

அளவு அறிதல்

தாவரப் பொருள் என்பதனாலேயே இது உடல்நலத்திற்கு உகந்த பண்டம் என்று கருதிவிடக் கூடாது. தேங்காயெண்ணெயில் நூற்றுக்குச் சுமார் 90 பங்கு நிறைவுற்ற கொழுப்பே. மேற்கூறிய அளவின்படி ஒவ்வொரு பிஸ்கோத்திலும் நான்கு கிராம் எண்ணெய், அதாவது 3.6 கிராம் நிறைவுற்ற கொழுப்பு உள்ளது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உணவு கொள்ளும் ஒருவருக்கு, உலக சுகாதார ஸ்தாபனத்தின் பரிந்துரைப்படி இவ்வகைக் கொழுப்பின் மேல்வரம்பு சுமார் 22 கிராம். ஆறு பிஸ்கோத்துகள் உண்டால் அந்த வரம்பு முழுவதும் தீர்ந்துவிடும். அன்றைய சமையலில் சேரும் தேங்காய்க்கு இடமே இராது. மாலைச் சிற்றுண்டிக்கு ஒன்றோ இரண்டோ போதுமானவை.

2024ஆம் ஆண்டில் கோக்கோவும் மலிவுப் பொருளாக இருக்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குன்றியதன் விளைவாக, அவ்வாண்டில் உலகச் சந்தையில் அதன் விலை டன்னுக்கு 10,000 டாலரைக் கடந்தது. பொருளை வீணாக்காமல், தேங்காயெண்ணெய் உறைந்த பதம், அமிலமுள்ள தூள், ஆறும் வரை காத்திருத்தல் என்னும் இம்மூன்றையும் கருத்திற்கொண்டு செய்தால், முதல் முறையிலேயே நல்ல பலன் கிடைக்கும். பால் ஒவ்வாத குழந்தையும் மற்றக் குழந்தைகளுடன் ஒரே தட்டிலிருந்து அச்சமின்றி எடுத்து உண்ணலாம்.