முதல் தமிழ் நாவலை எழுதியவர் ஒரு நீதிபதி... அப்பவே ‘கோர்ட்டில் தமிழ்’ கேட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை யார்?

களம்பூரில் தறி போட்டிருக்கும் ஒருவர், பாகப்பிரிவினை வழக்குக்காக ஆரணி கோர்ட்டுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே தமிழில் மனு கொடுக்கலாம், தமிழில் சாட்சி சொல்லலாம், தமிழிலேயே தீர்ப்பும் வாங்கலாம். ஆனால் அதே வழக்கு அப்பீலில் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்விட்டால்? தீர்ப்பு ஆங்கிலத்தில்தான் வரும். கோர்ட் ஹாலுக்கு வெளியே வந்து, “சார், கேஸு நம்ம பக்கமா, அவங்க பக்கமா?” என்று வக்கீலிடம் கேட்டால்தான் அவருக்கு விஷயமே தெரியும்.

‘இது என்னங்க நியாயம்?’ என்று 19-ம் நூற்றாண்டிலேயே கேட்டவர் ஒருவர் இருக்கிறார். அவர் வக்கீலோ அரசியல்வாதியோ இல்லை. கோர்ட்டில் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்.

அவர் பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். ‘தமிழின் முதல் நாவல் எது?’ என்ற ஒரு மார்க் கேள்வியைத் தாண்டாமல் யாரும் பள்ளிக்கூடம் முடித்திருக்க மாட்டோம். டிஎன்பிஎஸ்சி படிப்பவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, மாயூரம் வேதநாயகம் பிள்ளை. ஆனால் அந்த ஒரு மார்க்கோடு அவரை விட்டுவிடுகிறோம். அதற்குப் பின்னால் இருப்பது ஒரு பெரிய வாழ்க்கை.

யார் இந்த வேதநாயகம் பிள்ளை?

1826 அக்டோபர் 11-ல் திருச்சி அருகே குளத்தூரில், ஒரு கத்தோலிக்கக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா சவரிமுத்துப் பிள்ளை, அம்மா ஆரோக்கிய மரியம்மாள். சிறு வயதிலேயே தமிழும் ஆங்கிலமும் படித்தார்.

வேலை வாழ்க்கை கோர்ட்டிலேயே தொடங்கியது. திருச்சி நீதிமன்றத்தில் முதலில் ஆவணக் காப்பாளர், பிறகு மொழிபெயர்ப்பாளர். அதன் பிறகு தேர்வு எழுதி, 1857-ல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். சீர்காழியிலும் பணியாற்றிவிட்டு, மாயூரத்தில் நீண்ட காலம் இருந்தார். மாயூரம் என்பது வேறு எதுவும் இல்லை, இன்றைய மயிலாடுதுறைதான். அந்த ஊர்ப் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இசையமைப்பாளரும் நடிகருமான விஜய் ஆண்டனி இவருடைய வழிவந்தவர் என்பது கூடுதல் தகவல்.

கோர்ட் தீர்ப்பைத் தமிழில் கொடுத்தது எப்படி?

அந்தக் காலத்தில் மேல் கோர்ட்டின் தீர்ப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. இங்கிலீஷ் தெரியாத ஒருவருக்கு, தன்னைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்ன சொல்கிறது என்றே தெரியாது. மொழிபெயர்ப்பாளராக இருந்த வேதநாயகம் இந்தச் சிக்கலைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அதனால் அந்த வேலையைத் தானே கையில் எடுத்தார்.

1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் 1862-ல் வெளியிட்டார். சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கப்பட்டதும் அதே 1862-ல்தான்.

அதற்கு முன்பே, 1859-ல் ‘நீதிநூல்’ எழுதியிருந்தார். அதில் லஞ்சத்தைக் கண்டித்தும் பாடியிருக்கிறார். அந்தக் காலச் சொல்லில் அது ‘கைக்கூலி’. சம்பளம் வாங்கும் அதே அரசாங்க வேலையில் இருந்துகொண்டு, உள்ளே நடக்கும் ஊழலைப் பற்றி எழுதுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும் இல்லையா?

நாவலில் என்ன கதை?

1872-ல் வேலையிலிருந்து விலகினார். அதன் பிறகு எழுதியதுதான் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. அச்சில் வந்த ஆண்டு 1879.

கதை இதுதான். பிரதாப முதலியார் வசதியான வீட்டுப் பிள்ளை, கொஞ்சம் செல்லம். அவருடைய உறவுப் பெண் ஞானாம்பாள் அவரைவிடப் பல மடங்கு புத்திசாலி. ரெண்டு பேருக்கும் கல்யாணம் நடப்பதற்குள் பெரியவர்களுக்குள் ஏகப்பட்ட சண்டை. ஒருவழியாகக் கல்யாணம் முடிந்த பிறகு, விதி இருவரையும் பிரிக்கிறது. முன்பின் தெரியாத ஊரில் ஒரு விநோத வழக்கில் மாட்டி பிரதாபன் ஜெயிலுக்குப் போகிறார். ஆண் வேஷத்தில் அவரைத் தேடிவரும் ஞானாம்பாளுக்கு யானை மாலை போட, அவர் அந்த ஊருக்கே ராஜா ஆகிறார்!

இன்றைக்கு இதை ஒரு ஃபேன்டசி படம் என்றே சொல்லலாம். ஆனால் கவனியுங்கள்: 1879-ல் ஒரு ஆண் எழுத்தாளர், நாட்டை ஆளும் மூளையைப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார். இது தற்செயல் இல்லை. பத்து வருஷத்துக்கு முன்பே, 1869-ல், பெண்கள் படிக்க வேண்டும் என்று ‘பெண்மதிமாலை’ எழுதியவர் அவர்.

இந்த நாவலுக்குள்தான் கோர்ட் மொழி விவகாரமும் வருகிறது. ஜட்ஜும் தமிழர், வக்கீலும் தமிழர், கட்சிக்காரரும் தமிழர் என்றிருக்கும்போது வாதத்தை மட்டும் ஏன் இங்கிலீஷில் நடத்த வேண்டும் என்பதுதான் அவருடைய வாதம்.

கிறிஸ்தவர் எழுதிய நாவலில் மதப் பிரசாரம் உண்டா?

இல்லை. கதைநாயகன், நாயகி இருவரும் கிறிஸ்தவர்கள் இல்லை. கடவுள் நம்பிக்கை பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, ஆனால் யாரையும் மதம் மாறச் சொல்லவில்லை.

அதே காலத்தில் பாளையங்கோட்டை எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை வேறு வழியில் போனார். ஜான் பன்யனின் புகழ்பெற்ற ஆங்கிலக் கதையைத் தழுவி, ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற முழுமையான கிறிஸ்தவக் காவியத்தை 1894-ல் தந்தார். வேதநாயகமும் மாதா மீது அந்தாதி பாடியவர்தான். ஆனால் 1878-ல் அவர் வெளியிட்ட இசைப் பாடல் தொகுப்பின் பெயர் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’. எந்த மதத்தவரும் பாடும்படி எழுதினார், கச்சேரி மேடைகளிலும் பாடினார்கள்.

அவருடைய நட்பு வட்டமும் அப்படித்தான். உ.வே.சா.வின் குருவான சைவப் புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வேதநாயகம் மீது ‘குளத்துக்கோவை’ பாடினார். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் செத்து விழுந்தபோது, வேதநாயகம் தன் சொந்தப் பணத்தைப் போட்டுப் பசியாற்றினார். அதைப் பார்த்து நெகிழ்ந்து அவரைப் பாடியவர், ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ தந்த கோபாலகிருஷ்ண பாரதியார்.

இது உண்மையிலேயே ‘நாவல்’தானா?

இந்தச் சந்தேகம் விமர்சகர்களுக்கு உண்டு. கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டு அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடுவார். கிளைக்கதைகளும் நிறைய. ‘கமலாம்பாள் சரித்திரம்’, ‘பத்மாவதி சரித்திரம்’ போன்ற 1890-களின் நாவல்களோடு வைத்துப் பார்த்தால் இந்தக் குறை பளிச்சென்று தெரியும்.

ஆனால் அவருக்கு முன்னால் தமிழில் மாதிரி எதுவும் இல்லை. செய்யுள்தான் இலக்கியம் என்றிருந்த காலம். எல்லோரும் படித்து ரசிக்க நல்ல உரைநடை வேண்டும் என்றுதான் எழுதவே உட்கார்ந்தார். 1887-ல் ‘சுகுணசுந்தரி’ என்று இன்னொரு நாவலும் தந்தார். 1889 ஜூலை 21-ல் காலமானார்.

அவர் கேட்டது கிடைத்ததா?

பாதி கிடைத்தது. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழைப் பயன்படுத்த 1976-ல் சட்டத் திருத்தம் வந்தது.

உயர் நீதிமன்றத்தில்தான் சிக்கல். அரசியலமைப்பின் 348-வது பிரிவுப்படி அங்கே ஆங்கிலம்தான். குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு மாநில மொழியையும் ஆளுநர் அனுமதிக்கலாம். ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய 4 மாநிலங்களில் இந்தி அப்படித்தான் வந்தது. தமிழுக்காக 2006-ல் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றியும் இன்னும் நடக்கவில்லை.

ஒரு மாற்றம் மட்டும் வந்திருக்கிறது. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகள் சிலவற்றைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் 2019 முதல் வெளியிடுகிறது. ‘சித்தாந்த சங்கிரகம்’ வந்து சரியாக 157 வருஷம் கழித்து!

‘பிரதாப முதலியார் சரித்திரம்’ காப்புரிமை இல்லாத நூல். மதுரைத் திட்டம் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, மொபைலிலும் படிக்கலாம். ஒரு மார்க் வாங்கிக் கொடுத்த புத்தகத்தை, ஒரு தடவை திறந்துதான் பாருங்களேன்.