ஏற்காட்டில் மீன் தொட்டி வைக்கிறீங்களா? முதல் ஒரு மாசம் மீனே வேண்டாம்!

தொட்டி, கூழாங்கல், ஃபில்டர், நாலு ஜோடி கப்பி. எல்லாத்தையும் ஒரே நாளில் சேலத்தில் வாங்கி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, அன்னிக்கு சாயங்காலமே தண்ணீர் நிரப்பி மீனையும் விட்டாச்சு. மூணாவது நாள் ஒரு மீன் மிதக்கும். ஒரு வாரத்தில் பாதி காலி. ‘நமக்குக் கை ராசி இல்லை’ என்று தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுபவர்கள் நிறைய. கை ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மீன் ஏன் சாகிறது?

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். சாப்பிடாமல் மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாதான். ஏரியில் இது பரவிக் கரைந்துவிடும். கண்ணாடித் தொட்டியில் அது எங்கே போகும்? தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே விஷம் ஏறிக்கொண்டிருக்கும்.

இதைச் சமாளிப்பது பாக்டீரியாக்கள். ஒரு வகை, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். சிக்கல் என்னன்னா, நைட்ரைட்டும் விஷம்தான். மீனின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க விடாது. இன்னொரு வகை, அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டால் பெரிய ஆபத்தில்லை. வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றினால் கட்டுக்குள் இருக்கும்.

இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பான்ஜிலும் கல்லிலும்தான் குடியிருக்கும். புதுத் தொட்டியில் அவை போதுமான அளவு இருக்காது. வளர்ந்து வர, வெதுவெதுப்பான தண்ணீரிலேயே 4 முதல் 6 வாரம் ஆகும். மீன் வளர்ப்பவர்கள் இதைத்தான் ‘சைக்கிளிங்’ என்கிறார்கள்.

மலையில் என்ன வித்தியாசம்?

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தால் ஆக்ஸிஜன் குறையுமே என்ற பயம் தேவையில்லை. காற்றழுத்தம் குறைவுதான், ஆனால் குளிர்ந்த நீரில் ஆக்ஸிஜன் அதிகம் கரையும். ஒன்றுக்கு ஒன்று ஏறக்குறைய ஈடாகிவிடும். நிஜப் பிரச்சினை குளிர். டிசம்பர், ஜனவரி இரவுகளில் 15 டிகிரிக்கும் கீழே போகும். நைட்ரஜன் வேலையைப் பார்க்கும் பாக்டீரியாக்களுக்குப் பிடித்தது 25 டிகிரிக்கு மேல். குளிரில் அவை சோம்பிப் போகும். சேலத்தில் ஒரு மாதத்தில் தயாராகும் தொட்டி இங்கே இரண்டு மாதம் கூட இழுக்கலாம்.

அதனால் குளிர் தாங்கும் மீனே வளர்க்கப் போனாலும், சைக்கிளிங் முடியும் வரை ஹீட்டர் போடுங்க. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி சுமார் 56 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 1 வாட் என்ற கணக்கில் 50 முதல் 75 வாட் ஹீட்டர் போதும். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியை வெறும் தொட்டியில் போட்டுவந்தால் பாக்டீரியாவுக்கு அதுவே சாப்பாடு. டெஸ்ட் கிட்டில் முதலில் அம்மோனியாவும் பிறகு நைட்ரைட்டும் ஏறி இறங்கி, இரண்டுமே 0 ஆகி, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி ரெடி. நண்பர் வீட்டில் நல்லா ஓடும் தொட்டி இருந்தா அவர் ஃபில்டர் ஸ்பான்ஜில் ஒரு துண்டு வாங்கிப் போடுங்க. இதைவிட நல்ல குறுக்குவழி கிடையாது.

எஸ்டேட் பக்கம் ஓடும் ஓடைத் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்ற வேண்டாம். காபிச் செடியின் இலைத்துரு நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையில் மயில்துத்தம் இருக்கு. அதிலுள்ள செம்பு மீனுக்கு ஆகாது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் திரவத்தைச் சேர்த்த பிறகே ஊற்றணும். ஸ்பான்ஜையும் குழாயடியில் அலசாதீங்க. அத்தனை வார உழைப்பும் சாக்கடையில் போயிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் லேசாகப் பிழிந்தாலே போதும்.

மழை, காற்று என்றால் மலையில் கரன்ட் போவது புதுசில்லை. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். தொட்டியின் பின்புறமும் அடியிலும் தெர்மோகோல் வைத்தால் சூடு சீக்கிரம் இறங்காது.

எந்த மீன் வாங்கலாம்?

கடையில் கிடைக்கும் மீன்களில் பெரும்பாலானவை சென்னை கொளத்தூர் மாதிரியான சமவெளி இடங்களில், வெதுவெதுப்பான தண்ணீரில் பிறந்து வளர்ந்தவை. கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர் எல்லாவற்றுக்கும் ஏற்காட்டில் ஹீட்டர் கட்டாயம். ஹீட்டர் செலவு வேண்டாம் என்றால் ஜீப்ரா டேனியோ நல்ல தேர்வு. இந்தியாவிலேயே இயற்கையாக வாழும் மீன், 18 டிகிரி வரை தாங்கும். குளிர்காலத்தில் தொட்டி அதற்கும் கீழே இறங்கினால் ஹீட்டரை மறுபடி போட வேண்டியதுதான். கோல்டு ஃபிஷ் குளிரைத் தாங்கும், ஆனால் சாண் நீளத்துக்கு வளரும், கழிவும் அதிகம். 2 அடி தொட்டி அதுக்கு ரொம்பச் சின்னது. கண்ணாடிக் குடுவை பற்றிப் பேசவே வேண்டாம்.

முதல் தடவை ஐந்தாறு டேனியோ மட்டும். மீன் கவரை தெர்மோகோல் பெட்டியில் வைத்து மலை ஏற்றுங்க. வீட்டுக்கு வந்ததும் கவரைத் தொட்டியில் அரை மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவருக்குள் சேர்த்து, பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்க.

‘தொட்டியைச் சுத்தம் பண்ணும்’ என்று கடையில் சக்கர் மீனைத் தலையில் கட்டினால் மறுத்துடுங்க. விரல் நீளத்தில் வாங்கும் இந்த மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். தென்னமெரிக்காவைச் சேர்ந்த இது, தொட்டி கொள்ளாமல் வெளியே விடப்பட்டு, இன்று தமிழ்நாடு, கேரள நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. ஏற்காடு ஏரி நிரம்பினால் அந்தத் தண்ணீர் கிளியூர் அருவியாகக் கீழே இறங்குகிறது. ஏரியில் விட்ட மீன் ஏரியோடு நிற்காது. வளர்க்க முடியாவிட்டால், வாங்கிய கடையிலேயே திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். இதை மீன் வாங்கும்போதே கேட்டுவைப்பது இன்னும் நல்லது.