திரும்பி வருகிற அன்பு

2025 ஜூன் 1 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பரமேறிய நாளுக்கும் பெந்தெகொஸ்தே திருநாளுக்கும் இடையில் வந்த ஞாயிறு. அன்று காலையிலேயே தில்லி ஜங்புராவில் உள்ள மதராசி கேம்ப்பில் புல்டோசர்கள் இறங்கிவிட்டன. நகரத்து ஆலயங்களில் நாம் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், பாராபுல்லா வடிகாலோரம் ஒரு தமிழ்க் குடியிருப்பு செங்கல் குவியலாகிக்கொண்டிருந்தது.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக அங்கே இருந்த குடியிருப்பு அது. பிழைப்புத் தேடி ரயிலேறி வந்த ஏழைத் தமிழர்கள் எழுப்பியது. பெண்கள் ஜங்புராவிலும் நிஜாமுதீனிலும் வீட்டு வேலை செய்தார்கள். ஆண்கள் துப்புரவுக்கும் கூலி வேலைக்கும் போனார்கள். பிள்ளைகள் பலர் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் லோதி எஸ்டேட் பள்ளியில் தமிழ் படித்தார்கள். மழைக்காலத்தில் வடிகால் அடைத்துச் சுற்றுப்புறம் வெள்ளக்காடாகிறது, தூர்வார வேண்டும் என்பதால் தில்லி உயர் நீதிமன்றம் குடியிருப்பை அகற்ற உத்தரவிட்டது. அந்தக் காரணத்தை நான் மறுக்கவில்லை. வெள்ளம் வந்தால் முதலில் நனைவதும் ஏழையின் பாய்தான்.

என்னை உறுத்துவது வேறு. அங்கிருந்த 370 குடும்பங்களில் 189 குடும்பங்களுக்கு மட்டுமே மாற்று வீடு பெறத் தகுதி உண்டு என்று முதலில் முடிவானது. பிறகு அந்த எண்ணிக்கை சற்றுக் கூடியது. ஒரே சந்து, ஒரே குழாயடி. ஆனால் ஒரு வீட்டுக்குச் சாவி, அடுத்த வீட்டுக்கு ஒன்றுமில்லை. தில்லியின் மறுவாழ்வுக் கொள்கைப்படி 2015 ஜனவரி 1-க்கு முன்பே குடிசை இருந்திருக்க வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகளின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். காகிதம் இருந்தால் கூரை உண்டு.

கிறிஸ்தவ அன்பு என்று நாம் சொல்வது இந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? உணவுப் பொட்டலம் கொடுப்பது நல்லது. பசித்தவனுக்கு அது தேவை. ஆனால் பத்து ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சபை வாலிபர் குழு சனிக்கிழமைதோறும் அந்தச் சந்துகளுக்குப் போய், வாக்காளர் பட்டியலில் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்து, விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருந்தால்? அதற்கு மேளதாளம் இல்லை, சாட்சி சொல்லும் மேடை இல்லை. ஆனால் சில குடும்பங்களுக்காவது இன்று கதவு இருந்திருக்கும்.

இதே தில்லியில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1904-இல் கேம்பிரிட்ஜ் மிஷனைச் சேர்ந்த குருவாக இங்கே வந்து, செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார் சி. எஃப். ஆண்ட்ரூஸ். கல்லூரிக்கு ஓர் இந்தியர் தலைமை தாங்க வேண்டும் என்று அவர் வாதாடினார். 1906-இல் சுசில் குமார் ருத்ரா முதல்வரானார். 1915-இல் ஆண்ட்ரூஸ் ஃபிஜித் தீவுக்குக் கப்பலேறினார். அங்கே ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களில் அடைபட்டிருந்தவர்களில் சென்னையிலிருந்து கப்பலேற்றப்பட்ட தமிழர்களும் உண்டு. ஆண்ட்ரூஸ் தோட்டம் தோட்டமாக நடந்தார், கேட்டார், எழுதினார், அறிக்கை தயாரித்தார். யாரையும் மதம் மாறச் சொல்லவில்லை. 1917-இல் மறுபடியும் போனார். 1920-இல் அந்த ஒப்பந்தமுறை அங்கே ஒழிந்தது. ஏழைகளின் உறவினன் என்ற பொருளில் அவரைத் தீனபந்து என்று மக்கள் அழைத்தார்கள். அவர் எந்த ஆண்டவரை நம்பினார் என்று ஒருவரும் அவரிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்த இரண்டாம் பயணத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். நல்ல சமாரியன் கதையை ஞாயிறு பள்ளியில் படித்த நாள் முதல் நாம் எண்ணெயையும் காயக்கட்டையும்தான் நினைவில் வைத்திருக்கிறோம். அவன் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிப் போனதை மறந்துவிடுகிறோம். அடிபட்டுக் கிடந்தவன் எந்தக் கோயிலுக்குப் போகிறவன் என்றும் அவன் விசாரிக்கவில்லை. மதராசி கேம்ப் மக்களில் முருகனையும் அம்மனையும் கும்பிடுகிறவர்களே மிகுதி. அவர்களுக்குச் செய்யும் உதவியைத் தூண்டிலாக்குகிறவர் யாராக இருந்தாலும், அவர் சுவிசேஷத்துக்கு அவப்பெயர் தேடுகிறார். பலனை எதிர்பாராமல் செய்ய முடியாவிட்டால் செய்யாமலே இருப்பது மேல் என்றுகூடச் சொல்வேன்.

வீடு கிடைத்தவர்கள் இப்போது நரேலாவுக்குப் போயிருக்கிறார்கள். ஜங்புராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்கு எஜமானி அம்மா வீட்டில் பாத்திரம் தேய்க்க வேண்டிய பெண் எத்தனை மணிக்கு எழ வேண்டும், எத்தனை பேருந்து மாற வேண்டும்? தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட நரேலாப் பக்கம் இல்லை. பிள்ளை தமிழை விடுவதா, தினமும் நாலு மணி நேரம் பேருந்தில் கழிப்பதா? வீடு கிடைக்காதவர்கள் வாடகைக்கு இடம் தேடிச் சிதறினார்கள். சிலர் ஊருக்கே திரும்பினார்கள்.

இங்கே செய்ய வேண்டியவை எல்லாம் சிறிய வேலைகள். பள்ளி மாற்றுச் சான்றிதழுக்கு உடன் போவது. புது முகவரிக்கு ரேஷன் அட்டையையும் ஆதாரையும் மாற்றித் தருவது. வேலையிழந்த அக்காவுக்கு நரேலாவிலேயே வேலை செய்ய இரண்டு வீடு பிடித்துக் கொடுப்பது. மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுப்பது. முக்கியமாக, அடுத்த வாரமும் போவது. அதற்கடுத்த வாரமும் போவது.

தில்லியில் தமிழ் ஆராதனைக்குப் போகிறவர்களே, இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நரேலாவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். கையில் ஒரு பேனாவும் சில வெள்ளைத்தாளும் இருக்கட்டும். விடைபெறும்போது, மறுபடி எந்தத் தேதியில் வருவீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.