கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாடை வந்தால்…

ஓசூர் சிப்காட்டை ஒட்டிக் குடியிருப்பவரா நீங்கள்? கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையோரம் மனை பார்க்கிறீர்களா? அந்தப் பக்கத்து பெட்ரோல் பங்குகளிலும் லாரி செட்டுகளிலும் ஜெனரேட்டர் ஓட்டும் ஆலைகளிலும் பூமிக்கடியில் எண்ணெய்த் தொட்டி இருக்கலாம். அது கசிந்தால் உங்கள் போர்வெல் என்னாகும், நீங்கள் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

தொட்டி எப்படிக் கசிகிறது?

இரும்புத் தொட்டி ஈர மண்ணில் துருப்பிடிக்கும். சில சமயம் தொட்டி நன்றாக இருக்கும், குழாய் இணைப்பு விட்டுப்போயிருக்கும். தினமும் ஓரிரு லிட்டர் போனால் இருப்புக் கணக்கில் அது பெரிதாகத் தெரியாது. வருடக்கணக்கில் கசிந்த பிறகுதான் வெளியே தெரியவரும்.

கசிந்த எண்ணெய் எங்கே போகும்?

மண்ணில் இறங்கி, நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். அதிலுள்ள சில பொருட்கள் மட்டும் நீரில் கரைந்து நீரோடு நகரும். நம் கிருஷ்ணகிரி மாவட்டம் பாறை நிலம். தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாக ஓடுகிறது. அதனால் பக்கத்துக் கிணறு தப்பி, தள்ளியிருக்கும் போர்வெல் கெட்டுப்போகலாம்.

அவ்வளவு பயப்பட வேண்டுமா?

வேண்டும். பெட்ரோலில் பென்சீன் (ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வேதிப்பொருள்) 1 சதவீதம் வரை இருக்கலாம். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு (ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம்) மேல் அது இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் பென்சீன் முழுவதும் கரைந்தால் 8 லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும்.

இப்படி எங்காவது நடந்திருக்கிறதா?

சென்னை தண்டையார்பேட்டையில் நடந்தது. 2013-ல் அங்கே வீட்டுப் போர்வெல்களில் எண்ணெய் வந்தது. காரணம் தொட்டி அல்ல, பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் நிலத்தடிக் குழாய்க் கசிவு. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் மண்ணையும் நீரையும் ஆராய்ந்தார்கள். குழாயை அடைத்ததும் தண்ணீர் சரியாகிவிடவில்லை, தூய்மைப்படுத்தும் வேலை வருடக்கணக்கில் நீண்டது.

வாடை இல்லையென்றால் தண்ணீர் நல்லதுதானே?

அப்படிச் சொல்ல முடியாது. நீரிலுள்ள பென்சீனை மூக்கு உணரவேண்டுமானால், அது பாதுகாப்பான வரம்பைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்க வேண்டும். நாம் வழக்கமாக எடுக்கும் டிடிஎஸ், கடினத்தன்மை, ஃப்ளோரைடு சோதனைகளிலும் இது தெரியாது. “பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் பார்க்க வேண்டும்” என்று ஆய்வகத்தில் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அதிகாரிகள் எப்படி ஆராய்வார்கள்?

முதலில் எண்ணெய் இருப்புக் கணக்கைப் பார்ப்பார்கள். தொட்டிக்கும் குழாய்க்கும் அழுத்தச் சோதனை செய்வார்கள். பிறகு சுற்றிலும் துளையிட்டு, பல ஆழங்களில் மண் எடுப்பார்கள். அடுத்தது கண்காணிப்புக் கிணறுகள் (நீரைச் சோதிக்க மட்டுமே போடும் சிறு துளைகள்). நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறியக் குறைந்தது மூன்று வேண்டும். நம் பாறை நிலத்தில் அதற்கும் மேல் தேவைப்படும். மாதிரியைக் காற்றுக் குமிழ் இல்லாமல் சிறு கண்ணாடிக் குப்பியில் நிரப்பி, ஐஸ் வைத்து அனுப்புவார்கள். குமிழ் இருந்தால் பென்சீன் ஆவியாகி அதில் சேர்ந்துவிடும், முடிவு தவறாகிவிடும்.

எனக்குச் சந்தேகம் வந்தால் என்ன செய்வது?

அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், அதில் சமைக்காதீர்கள், குளிக்காதீர்கள். காய்ச்சினால் சரியாகும் என்று நினைக்காதீர்கள், ஆவி வீட்டுக்குள்தான் பரவும். கிணற்றருகே தீக்குச்சி உரசாதீர்கள், மோட்டாரையும் போடாதீர்கள். வாடை பலமாக இருந்தால் உடனே தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தால் அதை மட்டும் குடியுங்கள். வாடை வந்த தேதியையும் எந்தெந்த வீட்டில் வந்தது என்பதையும் எழுதி வையுங்கள்.

யாரிடம் போவது?

ஓசூரிலுள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்திலும் மனுக் கொடுங்கள். மாசடைந்த இடங்களைக் கண்டறிந்து சீர்செய்வதற்கென்றே 2025 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. சுத்தம் செய்யும் செலவை மாசுபடுத்தியவர் ஏற்க வேண்டும் என்பதே அவற்றின் அடிப்படை.

மனை வாங்குபவர் என்ன கேட்க வேண்டும்?

அங்கே முன்பு பங்க்கோ லாரி செட்டோ இருந்ததா, தொட்டியை எடுத்துவிட்டார்களா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். புதிய பங்குகள் வீடுகளிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், எந்த நிலையிலும் 30 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் சொன்னது. அதற்கு முன் வந்தவை வீட்டை ஒட்டியே இருக்கலாம்.

தெருவில் ஒரு வீட்டில் வாடை வந்தாலே, எல்லா வீட்டாரும் கையெழுத்திட்டு ஒரே மனுவாகக் கொடுங்கள். அதில் பென்சீன் சோதனை வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள்.