பக்கத்து வீட்டுப் பிள்ளையும் பந்தெறியட்டும்

2024ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக் போட்டியில் நீச்சல் வீராங்கனை யிப் பின் சியூ இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றபோது சிங்கப்பூரே மகிழ்ந்தது. 2008ல் பெய்ஜிங்கில் தொடங்கிய அவரது தங்கப் பதக்கக் கணக்கு அத்துடன் ஏழானது. அதே பாரிசில் போச்சியா விளையாட்டில் ஜெரலின் டான் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

இந்த வெற்றிகள் பெருமைக்குரியவை என்பதில் ஐயமில்லை. ஆனால், உடற்குறையுள்ளோரில் பதக்க மேடை வரை செல்பவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் இந்தச் சனிக்கிழமை மாலை எங்கே விளையாடுவார்கள், யாரோடு விளையாடுவார்கள் என்பதுதான் பெரும்பாலான குடும்பங்களின் கேள்வி. அதற்கு விடை தேடுபவை சிறிதும் பெரிதுமான சமூக அமைப்புகள். லாப நோக்கமின்றி, நன்கொடையையும் அரசாங்க ஆதரவையும் தொண்டூழியர்களின் உழைப்பையும் கொண்டு அவை இயங்குகின்றன.

பள்ளி முடிந்த பிறகு என்ன?

சிறப்புத் தேவையுடைய பிள்ளைக்குப் பள்ளியில் விளையாட்டு நேரம் உண்டு. ஆசிரியர், திடல், நண்பர்கள் எல்லாம் அங்கேயே கிடைக்கும். சிறப்புப் பள்ளிகளில் பொதுவாக 18 வயது வரை படிக்கலாம். தொழிற்பயிற்சி பெறும் சிலர் 21 வயது வரை அங்கு இருப்பதுண்டு. பிறகு சிலர் வேலைக்குச் செல்கிறார்கள். சிலர் பாதுகாக்கப்பட்ட தொழிற்கூடங்களுக்கும் பகல்நேர நடவடிக்கை நிலையங்களுக்கும் செல்கிறார்கள். வேறு சிலருக்கு வீடே உலகம் என்றாகிவிடுகிறது.

வீட்டோடு இருப்பவரின் உடல் எடை கூடுகிறது, தசைகள் தளர்கின்றன. அதைவிடப் பெரிய இழப்பு, பழக்கவழக்கம் அற்றுப்போவது. பள்ளியில் இருந்த நண்பர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறார்கள். பேச்சுத் துணைக்குப் பெற்றோர் மட்டுமே மிஞ்சுகிறார்கள். அவர்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது. தங்களுக்குப் பிறகு பிள்ளைக்கு யார் என்று அந்தப் பெற்றோர் கவலைப்படும்போது, பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைக்கக்கூடிய நாலு பேர் வெளியில் இருக்கிறார்களா என்பது சாதாரண விஷயமல்ல. வாரந்தோறும் நடக்கும் விளையாட்டு அந்த நாலு பேரைச் சம்பாதித்துத் தருகிறது.

அரை நூற்றாண்டு முயற்சி

சிங்கப்பூரில் இம்முயற்சி புதிதல்ல. சிங்கப்பூர் உடற்குறையுள்ளோர் விளையாட்டு மன்றம் 1973ல் தொடங்கப்பட்டது. உடற்குறையுள்ளோருக்குக் குதிரையேற்றம் வழியாகப் பயிற்சி தரும் சங்கம் 1982ல் உருவானது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்பு ஒலிம்பிக்ஸ் அமைப்பு 1983ல் இங்கு காலூன்றியது. 1968ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் தொடங்கிவைத்த இயக்கத்தின் சிங்கப்பூர்க் கிளை இது. 1988ல் சோல் நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டிக்குச் சிங்கப்பூர் முதன்முறையாக வீரர்களை அனுப்பியது. 2015 டிசம்பரில் ஆசியான் உடற்குறையுள்ளோர் விளையாட்டுப் போட்டியைச் சிங்கப்பூரே ஏற்று நடத்தியது. மறு ஆண்டில் உடற்குறையுள்ளோர் விளையாட்டுக்கென ஒரு பெருந்திட்டம் வெளியானது.

2006ல் ஐக்கிய நாட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்ட உடற்குறையுள்ளோர் உரிமை ஒப்பந்தத்தின் 30ஆம் பிரிவு, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுப்பதை உரிமை என்றே குறிப்பிடுகிறது. சிங்கப்பூர் 2013ல் அந்த ஒப்பந்தத்தை உறுதிசெய்தது. விளையாட்டு இரக்கப்பட்டுக் கொடுக்கும் சலுகை அல்ல என்பதே இதன் பொருள்.

தனியாகவா, சேர்ந்தா?

உடற்குறையுள்ளோருக்குத் தனியாக விளையாட்டு நடத்துவதா, எல்லாரோடும் சேர்த்து நடத்துவதா என்ற விவாதம் நீண்ட காலமாக உண்டு. இரண்டும் தேவை என்பதே அனுபவம் காட்டும் உண்மை.

சேர்ந்து விளையாடுவதற்குச் சிறப்பு ஒலிம்பிக்சின் ஒருங்கிணைந்த விளையாட்டுத் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. இதில் ஒரே அணியில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் இருப்பார்கள். பூப்பந்து இரட்டையர் ஆட்டம் என்றால் இவரில் ஒருவர், அவரில் ஒருவர். இருவருக்கும் ஒரே சீருடை. குறைபாடு இல்லாதவர் பயிற்றுவிப்பாளரும் அல்லர், பாதுகாவலரும் அல்லர், சக ஆட்டக்காரர். அவர் மட்டுமே ஓடி ஓடி எல்லாப் பந்தையும் அடித்தால் திட்டத்தின் நோக்கமே கெட்டுவிடும். ஆகையால் வயதும் திறனும் ஓரளவு ஒத்தவர்களையே அணியில் சேர்க்கப் பார்க்கிறார்கள்.

தனியாக நடத்தும் போட்டியிலும் நியாயம் பார்க்கும் முறை உண்டு. சிறப்பு ஒலிம்பிக்சில் வயது, பாலினம், திறன் ஆகியவற்றைப் பார்த்து ஆட்டக்காரர்களைப் பிரிவு பிரிவாகப் பிரிக்கிறார்கள். முதற்சுற்றில் ஒவ்வொருவரும் எடுக்கும் நேரத்தையோ புள்ளியையோ வைத்து ஏறத்தாழச் சமமானவர்களை ஒன்றாக மோதவிடுகிறார்கள். மெதுவாக ஓடுபவருக்கும் தன்னைப் போன்றவரை முந்த வேண்டும் என்ற துடிப்பு வருகிறது. அந்தத் துடிப்பு இல்லாவிட்டால் அது விளையாட்டே அல்ல.

விதியை மாற்றினால் வழி பிறக்கும்

“இவரால் விளையாட முடியாது” என்று சொல்லும் பல இடங்களில், விளையாட்டின் ஒரு விதியை மாற்றினாலே போதும்.

பெருமூளை வாதத்தால் கைகால் இயக்கம் பாதிக்கப்பட்டவர்களுக்காக வளர்ந்த விளையாட்டு போச்சியா. முதலில் ஒரு வெள்ளைப் பந்தை உருட்டிவிடுவார்கள். சிவப்பு அணிக்கு ஆறு, நீல அணிக்கு ஆறு எனத் தோல் பந்துகள் இருக்கும். யாருடைய பந்து வெள்ளைப் பந்துக்கு நெருக்கமாக நிற்கிறதோ அவருக்கே புள்ளி. கையால் எறியலாம், காலால் உதைக்கலாம். இரண்டும் முடியாதவர் சாய்வான தடத்தில் பந்தை வைத்து, வாயில் அல்லது தலையில் பொருத்திய கோலால் தள்ளிவிடலாம். தடத்தை நகர்த்த உதவியாளர் இருப்பார். ஆனால் அவர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. யோசித்து முடிவெடுப்பவர் ஆட்டக்காரர் மட்டுமே என்பதற்கு இந்த விதியே சான்று.

கோல்பால் 1946ல் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக உருவாக்கப்பட்டது. பந்துக்குள் மணி இருக்கும். அணிக்கு மூவர். எல்லாருமே கண்ணை மறைக்கும் கவசம் அணிய வேண்டும் என்பதால் ஓரளவு பார்வை உள்ளவருக்கும் கூடுதல் சலுகை கிடையாது. மணியோசை கேட்பதற்காக, ஆட்டம் நடக்கும்போது பார்வையாளர்கள் வாய் திறக்கக் கூடாது. பொழுதுபோக்காக ஆடும் இடங்களில் பார்வையுள்ளவரும் கவசம் அணிந்து களத்தில் இறங்கலாம். அப்போது தடுமாறுபவர் பெரும்பாலும் பார்வையுள்ளவராகவே இருப்பார்.

ஓட்டத்துக்கு இவ்வளவுகூட வேண்டியதில்லை, ஒரு துண்டுக் கயிறு போதும். பார்வையற்றவர் ஒரு முனையையும் வழிகாட்டி மறு முனையையும் பிடித்துக்கொண்டு சேர்ந்து ஓடுவார்கள். மேடு, பள்ளம், திருப்பம் என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டே வருவார். சிங்கப்பூரில் ‘ரன்னிங்அவர்’ என்ற குழு இவ்வாறு ஓட்டங்களை ஏற்பாடு செய்கிறது. வேகத்தைத் தீர்மானிப்பவர் பார்வையற்றவரே. வழிகாட்டி அவரை இழுக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது.

இடம் இருக்கிறது, துணைதான் தேவை

இடவசதியைப் பொறுத்தவரை சிங்கப்பூர் முன்னேறியிருக்கிறது. எம்ஆர்டி நிலையங்களில் மின்தூக்கி உண்டு, பேருந்துகளில் சக்கர நாற்காலியோடு ஏறலாம். லெங்கோக் பாருவில் 2015ல் திறக்கப்பட்ட எனேபலிங் வில்லேஜில் உடற்குறையுள்ளோரும் மற்றவர்களும் சேர்ந்து பயன்படுத்தும் உடற்பயிற்சிக்கூடம் இருக்கிறது. பீஷான்-அங் மோ கியோ பூங்காவின் விளையாட்டு இடத்தில் சக்கர நாற்காலியோடு ஏறிச் சுற்றக்கூடிய ராட்டினம் உண்டு.

இருந்தும் பலர் வருவதில்லை. வீட்டிலிருந்து அழைத்துவர ஆள் வேண்டும். இடையில் கழிவறைக்குச் செல்ல உதவி வேண்டும். மதியிறுக்கம் உள்ளவருக்குப் புது இடமும் பெருஞ்சத்தமும் அச்சம் தரும். இரண்டு மூன்று முறை வந்து பழகிய பிறகே அவர் பந்தைத் தொடுவார். அதுவரை பொறுமையாகக் காத்திருக்க, அதே முகங்கள் வாராவாரம் வர வேண்டும்.

சமூக அமைப்புகளின் பெரிய சிக்கலும் இதுவே. பள்ளியின் சமூகத் தொண்டுக்காக மாணவர்கள் வருகிறார்கள். நிறுவனங்கள் ஆண்டுக்கொரு நாள் ஊழியர்களை அனுப்புகின்றன. அன்று சாப்பாடு, பரிசுப் பை, புகைப்படம் எல்லாம் உண்டு. அடுத்த வாரம் வந்து பார்த்தால் ஆள் இல்லை. நன்கொடையாளர்களுக்கும் பதக்கமும் பெருநிகழ்ச்சியும் கண்ணில் படுகிற அளவுக்கு, ஆண்டு முழுவதும் நடக்கும் பயிற்சி படுவதில்லை. கூடுதல் கவனிப்புத் தேவைப்படும் ஒருவருக்கு ஒரு தொண்டூழியர் என்ற கணக்கில் ஆள் வேண்டும். ஆள் குறைந்தால் முதலில் விடுபடுபவர் அவரே. எனவே, ஒரு முறை 50 பேர் வருவதைவிட ஐந்து பேர் ஆண்டு முழுவதும் வருவதே பெரிய உதவி.

வீட்டில் தொடங்க வேண்டிய மாற்றம்

இந்தியக் குடும்பங்களில் இன்னொரு தயக்கமும் உண்டு. திருமணம், கோயில் திருவிழா, தீபாவளி விருந்து என்று உறவினர் கூடும் இடங்களுக்குக்கூடச் சிறப்புத் தேவையுடைய பிள்ளையை அழைத்துப் போகாத வீடுகள் இருக்கின்றன. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம் ஒரு காரணம். விழுந்துவிடுவானோ, யாராவது கேலி செய்வார்களோ என்ற பாசம் கலந்த பயம் மற்றொன்று. பயம் நியாயமானதே. ஆனால் பிள்ளை விழாமல் இருக்க வேண்டும் என்று எப்போதும் உட்காரவைத்தால், எழுந்து நிற்கும் பலமும் போய்விடும். முதல் சில வாரங்கள் பெற்றோர் கூடவே இருந்து பார்க்கலாம். பிறகு சற்றுத் தள்ளி உட்காரலாம். அந்த ஒரு மணி நேரம் தாய்க்கும் ஓய்வு, மற்றப் பெற்றோரோடு மனம்விட்டுப் பேச ஒரு வாய்ப்பு.

தொண்டூழியராக வர விரும்புவோர் சிலவற்றை நினைவில் கொள்வது நல்லது. கேள்வியைக் கூட வந்தவரிடம் கேட்காமல் ஆட்டக்காரரிடமே கேட்க வேண்டும். உதவி தேவையா என்று கேட்ட பிறகே உதவ வேண்டும். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல் தம் முழங்கையைப் பிடித்துக்கொள்ளக் கொடுக்க வேண்டும். சக்கர நாற்காலி ஒருவரின் உடலின் பகுதி போன்றது, அனுமதியின்றி அதைத் தொடக் கூடாது. பெரியவர்களைக் குழந்தையைப் போலக் கொஞ்சக் கூடாது.

ஊர் கூடித் தேர் இழுப்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. வடத்தைப் பிடிக்கும் எல்லாருக்கும் ஒரே பலம் இருப்பதில்லை. சமூக மன்றத்திலோ வீட்டின் கீழ்த்தளத்திலோ பந்து விளையாடும் குழு ஒன்று, பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் ஒரு மாலை அழைத்துப் பார்க்கலாம். அடுத்த வாரமும் மறக்காமல் அழைக்க வேண்டும் என்பதே முக்கியம்.