வண்டியை வெட்டும் முன்

பழைய ‘குட்டி யானை’ சரக்கு வண்டி ஒன்றை வாங்கி, பட்டறையில் விட்டு, பக்கத் தகட்டை வெட்டி ஜன்னல் எடுத்து, உள்ளே தோசைக்கல்லும் சிங்க்கும் பொருத்திக் கல்லூரி வாசலில் நிறுத்திவிட்டால் கடை தயார் என்ற நம்பிக்கையில்தான் பலர் இறங்குகிறார்கள். பீளமேடு, காட்பாடி, பொத்தேரி என்று மாணவர்கள் புழங்கும் ஊர் எதுவானாலும் கதை இதுதான். ஆனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அது வாகனம். உணவுப் பாதுகாப்புத் துறைக்குச் சமையலறை. மாநகராட்சிக்குச் சாலையோரக் கடை. ஒருவரிடம் வாங்கிய காகிதம் இன்னொருவரிடம் செல்லாது. பலருடைய பணம் தொலைவது வியாபாரத்தில் அல்ல, முதல் தோசை ஊற்றுவதற்கு முன்பே, பட்டறையில்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது: அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘ஒவ்வொன்றுக்கும்’ என்பதைக் கவனியுங்கள். கூரையை உயர்த்தியது ஒன்று, பக்கத்தை வெட்டியது இன்னொன்று.

வழி இல்லாமல் இல்லை. ‘மொபைல் கேன்டீன்’ என்றே வாகனப் பதிவில் ஒரு வகை இருக்கிறது. வரைபடத்தையும் எடைக் கணக்கையும் எடுத்துக்கொண்டு, வெல்டிங் தொடங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். “எஃப்.சி. காட்டும்போது பிரேக் இன்ஸ்பெக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன்” என்று பட்டறைக்காரர் சொன்னால், பேசப்போவது அவர், மாட்டப்போவது நீங்கள். ஆர்.சி.யில் சரக்கு வண்டி என்று இருக்க, உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தால், விபத்து நடந்த மறுநாள் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பதும் அந்த ஆர்.சி.யைத்தான். மாற்றத்தைப் பாலிசியில் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். அதன் பிறகும் இழப்பீட்டை மறுத்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். குறுந்தொழில் செய்பவர்களுக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

அடுத்து எடை. பட்டறையில் நீளம், அகலம், எத்தனை பர்னர் என்று எல்லாம் பேசுவார்கள். எடையைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். மூன்றடிக்கு இரண்டடி, 12 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தோசைக்கல் போட்டால் அதுவே ஐம்பது கிலோவைத் தாண்டும். தண்ணீர் 200 லிட்டர் என்றால் 200 கிலோ. நிறைந்த வணிக சிலிண்டர் இரண்டு எழுபது கிலோவுக்கு மேல். சிறிய ஜெனரேட்டர், ஃப்ரிட்ஜ், இரண்டு ஆட்கள், இரும்புச் சட்டமும் எஸ்.எஸ். தகடும் சேர்ந்த பாடி என்று கூட்டிக்கொண்டே போனால், 750 கிலோ தாங்கும் வண்டியில் 850, 900 வந்து உட்கார்ந்துவிடும். அதுவும் தோசைக்கல்லும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே பக்கம் இருந்தால் திருப்பத்தில் வண்டி சாயும். ஆர்.சி.யில் மொத்த எடை எவ்வளவு என்று எழுதியிருக்கிறது. வண்டியை டெலிவரி எடுக்கும் நாளில், தொட்டியை நிரப்பி, சிலிண்டரை ஏற்றி, எடை மேடையில் நிறுத்திச் சீட்டு வாங்கிய பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள். செலவு சொற்பம். இதைச் செய்பவர்கள் அரிது.

கொட்டேஷனில் ‘எஸ்.எஸ். ஷீட்’ என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். 304 கிரேடா 202 கிரேடா, எத்தனை கேஜ் என்று இருக்க வேண்டும். 202 மலிவு, உப்பும் புளியும் படும் இடத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே பளபளக்கும். எந்தத் தேதிக்குள் முடிப்பார், தாமதமானால் என்ன கழிவு, அட்வான்ஸ் எவ்வளவு என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். பணம் வங்கி வழியாகப் போக வேண்டும்.

ஏமாற்றப்பட்டால்? “நீ தொழிலுக்கு வாங்கினாய், நுகர்வோர் இல்லை” என்று எதிர்த்தரப்பு சொல்லும். முழு உண்மை அல்ல. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நுகர்வோராகவே ஏற்கிறது. நீங்களே நின்று தோசை ஊற்றும் ஒரு வண்டிக்கு இது பொருந்தும். ஐந்து வண்டி கட்டி ஆள் வைத்து ஓட்டினால் பொருந்தாது. பட்டறை எந்த மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம்.

இனி இடம். தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014 நம் நாட்டில் ஏழைகளுக்கு ஆதரவாக எழுதப்பட்ட நல்ல சட்டங்களில் ஒன்று. நடைமுறையில் மிக மோசமாகக் கைவிடப்பட்டதும் அதுதான் என்பது என் கருத்து. நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள். வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது. அதன் பிறகு அகற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் அங்கேயே பட்டியல் கொடுக்க வேண்டும். கெட்டுப்போகும் பொருளைக் கேட்ட அன்றே, மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். மாவு அண்டாவையும் அடுப்பையும் லாரியில் தூக்கிப் போடும்போது “பட்டியல் கொடுங்க சார்” என்று கேட்பதற்குத் துணிச்சல் வேண்டும்தான். ஆனால் அந்தக் காகிதம் இல்லாமல் நாளை எதையும் நிரூபிக்க முடியாது. குறைந்தபட்சம் கைப்பேசியில் படமாவது எடுத்து வையுங்கள்.

இதில் மூன்று சிக்கல்கள். சட்டம் தள்ளுவண்டியையும் கூடையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மோட்டார் வண்டியைப் பற்றித் தனியாக எதுவும் பேசவில்லை. ஆகவே உங்கள் வண்டிக்குச் சான்றிதழ் உண்டா என்பதை எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால், விற்பனை மண்டல வரைபடத்தையும் குழுவின் தீர்மானங்களையும் பத்து ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ.யில் கேட்கலாம். இரண்டாவது, சட்டம் சொல்லும் உள்ளாட்சி என்பது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிதான். நம் பொறியியல் கல்லூரிகளோ ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்து ஊராட்சிகளில் நிறைய இருக்கின்றன. அங்கே இந்தக் கவசம் இல்லை. மூன்றாவது, தெருவில் தொழில் செய்வது அடிப்படை உரிமை என்று 1989இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இதே மரத்தடிதான் வேண்டும் என்பது உரிமை அல்ல என்றும் சேர்த்தே சொன்னது.

தனியார் நிலத்தில் வாடகைக்கு நிறுத்துவது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் பட்டாவையும் புல வரைபடத்தையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். கல்லூரிக்கு எதிரே இருக்கும் காலியிடத்தில் முன்பக்கம் பத்தடி புறம்போக்காகவோ நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ இருப்பதும், அதற்கும் சேர்த்து ஒருவர் வாடகை வசூலிப்பதும் புதிதல்ல.

கேஸ் விஷயத்தில் சலுகை கிடையாது. வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் எரிப்பது குற்றம். 19 கிலோ வணிக சிலிண்டர்தான். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். கூரையில் எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் வைத்து, தரையோடு காற்றுத் துளை விடாமல் மூடிக் கட்டிய வண்டி, காலையில் முதல் தீக்குச்சிக்காகக் காத்திருக்கும் பெட்டி. சிலிண்டரை அடுப்படிக்கு வெளியே தனி அறையில், நிமிர்த்தி, சங்கிலி போட்டு வையுங்கள். வண்டி ஓடும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ‘பி 27’ போல ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். அடுத்த சோதனைக்கான காலாண்டும் ஆண்டும் அது. தேதி தாண்டியிருந்தால் ஏற்காதீர்கள். கசிவுக்கு அழைக்க 1906. ஜெனரேட்டரை வண்டிக்குள் ஓட்டக் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆன்லைனிலேயே கிடைக்கும். 14 இலக்க எண்ணை வண்டியில் தெரியும்படி வையுங்கள். மாணவர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக மயோனைஸ் செய்பவர்கள் கவனத்துக்கு: பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மே மாத வெயிலில் அதை வண்டியில் வைப்பது வம்பு.

அதிகாரி மாதிரி எடுக்க வந்தால் தடுக்காதீர்கள், ஆனால் உங்களுக்கும் உரிமை உண்டு. எடுத்த உணவுக்கு விலை கொடுக்க வேண்டும். மாதிரியை நான்கு பங்காகப் பிரிக்க வேண்டும். நீங்கள் கேட்டால் ஒரு பங்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குப் போகும். ஆய்வறிக்கையை எதிர்த்து நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். குறைகளைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தால் அவகாசம் 14 நாளுக்குக் குறையக் கூடாது.

கல்லூரி ஊருக்கே உரிய ஒரு வம்பு யூ.பி.ஐ. யாரோ செய்த சைபர் மோசடிப் பணம், பல கை மாறி, ஒரு முட்டை தோசைக்கான அறுபது ரூபாயாக உங்கள் கணக்கில் வந்தால், வேறு மாநிலத்துப் போலீஸ் சொல்லி வங்கி கணக்கை முடக்கிவிடக்கூடும். வியாபாரத்துக்குத் தனிக் கணக்கு வைத்து, வீட்டுப் பணத்தை அதில் சேர்க்காமல் இருந்தால் அடுப்பாவது எரியும். முடக்கச் சொன்ன காவல் நிலையம், புகார் எண் இரண்டையும் வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நீதிமன்றம்தான்.

ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரி மூடும் நேரம் பார்த்து, “ஓடுற கடை, இடத்தோடு தர்றேன்” என்று வண்டியை விற்க வருவார்கள். இடம் விற்பனைக்கு உரியதல்ல. விற்பனைச் சான்றிதழை வாடகைக்கு விடவோ மாற்றிக் கொடுக்கவோ சட்டம் அனுமதிக்கவில்லை. உணவுப் பதிவு எண்ணும் பழைய முதலாளியின் பேரோடு நின்றுவிடும். நீங்கள் புதிதாக எடுக்க வேண்டும். நீங்கள் வாங்குவது இரும்பையும் அடுப்பையும்தான், அதற்கான விலையைப் பேசுங்கள். ஆர்.சி.யை 30 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்றுங்கள், காப்பீட்டை 14 நாளுக்குள்.